காலில் கட்டிய ஏழு கிலோ

1972 மார்ச் 7, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் இன்று விசை. போன வருடம் வரை டைன், பவுண்டல் என்ற பழைய அலகுகளில் ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் வந்த புத்தகத்தில் நியூட்டன். ஒரு கிலோகிராம் பொருண்மைக்கு வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் முடுக்கம் தரும் விசை ஒரு நியூட்டன். கரும்பலகையில் எழுதினேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முன்பெஞ்சு ஷகிலா மட்டும் எழுந்து நின்றாள். "ஒரு நியூட்டன்னா கையில பிடிச்சா எவ்வளவு இருக்கும் டீச்சர்?"

நூறு கிராம் எடைக்கல்லைக் கையில் வைத்துப் பார், ஏறக்குறைய அவ்வளவு என்றேன்.

"அப்ப நூறு கிராம்னே சொல்லிட்டுப் போலாமே."

கிராம் என்பது பொருண்மை, எடை என்பது ஒரு விசை, இரண்டும் வேறு என்று ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஸ்பிரிங் தராசு ஒன்று கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். இருக்கிறது, பீரோவுக்குள். சாவி தலைமையாசிரியை ஜானகியம்மாளிடம். "ஸ்டாக் சரிபார்த்து முடியட்டும் பரிதா" என்கிறார். பொங்கலிலிருந்து சரிபார்க்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் பரீட்சைத்தாள் திருத்தினேன். பாதிப் பேர் வெறும் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். விடை இருபது. என்ன இருபது? இருபது மாங்காயா? அலகு இல்லாத விடைக்கெல்லாம் பாதி மார்க் வெட்டினேன். நாளை எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, "தினமும் அந்தக் கூட்டத்துல பஸ் ஏறணுமா?" என்றார். மாதத்துக்கு ஒரு தடவை கேட்பது வழக்கம். அடுத்த தாளை எடுத்தேன்.


மார்ச் 21, செவ்வாய்

கை மட்டும்தான் என் சொல்படி கேட்கிறது. இவரிடம் சொல்லி இந்த நோட்டை வரவழைத்தேன்.

ஒன்பதாம் தேதி காலை. பஸ்ஸில் நிற்க இடமில்லை. அதியமான்கோட்டையில் இறங்குகிறவர்களுக்கு வழிவிட நானும் கீழே இறங்கினேன். மறுபடி படியில் கால் வைத்தேன், கண்டக்டர் விசில் ஊதிவிட்டான். கம்பியைப் பிடித்த கை பஸ்ஸோடு போனது, நான் ரோட்டோடு. தொடை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மிஷன் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் உள்ள கப்பி மேல் போய்க் கீழே தொங்குகிறது. நுனியில் ஒரு துணிப்பை, பைக்குள் கடையில் வைக்கிற எடைக்கல். ஐந்து ஒன்று, இரண்டு ஒன்று. ஏழு கிலோ இரவும் பகலும் என் காலை இழுக்கிறது. கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பதால் என் உடம்பு தலைமாட்டுப் பக்கம் சரியப் பார்க்கிறது. பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நியூட்டனின் மூன்றாம் விதி என்றுதான் என் வகுப்புப் பெண்கள் எழுதுவார்கள். தப்பு. இது சமநிலை.

டாக்டர் நஞ்சப்பன் விளக்கினார். முறிந்ததும் தொடைச் சதை சுருங்கி, எலும்பின் இரண்டு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளுமாம். எனக்கு ஒன்றரை அங்குலம் ஏறியிருக்கிறது. இழுத்து இழுத்துச் சதையைத் தளர்த்தி முனைகளை நேருக்கு நேர் கொண்டுவர வேண்டும். அதற்குள் எலும்பு கூடிவிட்டால் கால் குட்டைதான்.

கட்டிலில் மாட்டியிருக்கும் சீட்டில் 15 என்று எழுதியிருக்கிறது. பதினைந்து பவுண்டு. அவர் படித்த காலத்துக் கணக்கு. ஆஸ்பத்திரியில் பவுண்டுக் கல் இல்லாமல் போய்ப் பல வருடமாயிற்று. நர்ஸ் சகாயமேரி அதை ஏழு கிலோவாக மாற்றிப் போடுகிறாள்.


மார்ச் 24, வெள்ளி

குதிகால் அரிக்கிறது. எட்டாது. கேட்டு வாங்க வேண்டியதாக இருக்கிறது எல்லாம் — தண்ணீர், சீப்பு, மற்றதும்.


மார்ச் 30, வியாழன்

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றரை அங்குலம் ஒன்றேகால் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்நேரம் இறங்கியிருக்க வேண்டும் என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

நான் பல நாளாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்க வேறென்ன இருக்கிறது? படுக்கை மாற்றும்போது பையைத் தூக்கி மறுபடி தொங்கவிடுகிறார்கள் அல்லவா, அப்போது கயிறு நகர்கிறது, கப்பி சுற்றுவதில்லை. துருப்பிடித்து நின்றுவிட்டது. கயிறு அதன் மேல் உராய்ந்து வழுக்குகிறது. அப்படியானால் பையில் ஏழு கிலோ இருந்தாலும் காலுக்கு ஏழு வந்து சேராது. உராய்வு தின்றது போக மீதிதான்.

டாக்டரிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டு கிலோ சேர்த்துப் போட்டாப் போச்சு" என்றார்.

"எவ்வளவு குறையுதுன்னு தெரியாம எவ்வளவு சேர்க்கறதுங்க? அது ஒரு நாள் ஒரு மாதிரி பிடிக்கும்."

"டீச்சர், பாடம் ஸ்கூல்ல எடுங்க. இங்க கொஞ்சம் பொறுமையாப் படுத்திருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வார்டே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கால்தானே அது. என் காலைப் பத்தி நான் பேசக்கூடாதா?

இரண்டு கிலோ சேர்க்கவும் இல்லை. மறந்துவிட்டார்.


ஏப்ரல் 3, திங்கள்

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்தாயிற்று. கண்ணம்மாள், இண்டூர்க்காரி. என் வயதுதான் இருக்கும். புளி உலுக்க மரமேறிக் கிளையோடு விழுந்திருக்கிறாள். அவளுக்கும் தொடை. அதே கம்பி, அதே கயிறு, அதே மாதிரி துருப்பிடித்த கப்பி, சீட்டில் அதே 15.

"வூட்டுல மாடு ரெண்டு கெடக்குதுங்க டீச்சரம்மா. என்னத்தப் பண்ணுமோ. நான் எப்பங்க நடப்பேன்?" என்று வந்ததிலிருந்து கேட்கிறாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை. டீச்சருக்கு எல்லாம் தெரியும் என்று.


ஏப்ரல் 6, வியாழன்

பள்ளிக்குப் போய் ஸ்பிரிங் தராசை ஒரு நாளைக்கு வாங்கி வரச் சொல்லி இவரை அனுப்பியிருந்தேன். வெறுங்கையோடு வந்தார். பள்ளிச் சாமானை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க விதி இல்லையாம். ஜானகியம்மாள் பழம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சாத்துக்குடி. எடுத்துக் கண்ணம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "கால் சரியானதும் வீட்டுலயே இருந்துடு பரிதா. நாம பட்டது போதும்" என்றார்.

"நாம இல்ல. பட்டது நான்."

 நேரம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார். சைக்கிள் கடைக்காரர், உடைந்த எதையும் ஒட்டிக் கொடுத்துவிடுவார். என்னிடம் மட்டும் வார்த்தைக்குப் பஞ்சம். நல்லது சொன்னாலும் அடிக்கிற மாதிரி இருக்கிறது.


ஏப்ரல் 9, ஞாயிறு

புளி மண்டியிலிருந்து இவர் இரவலாக ஒரு ஸ்பிரிங் தராசு கொண்டுவந்தார். கேட்கவே இல்லை நான். துணியில் சுற்றிப் பழப்பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

சகாயமேரியிடம் கெஞ்சினேன். டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று பயந்தாள். பிறகு அவளுக்கே பார்க்க ஆசை. காலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் தராசை மாட்டிப் பையை மெதுவாகத் தொங்கவிட்டாள். பையில் ஏழு. தராசு ஐந்தைத் தொடவில்லை.

"இன்னொரு தடவை விடுங்க சிஸ்டர்."

நாலரை.

மறுபடி. ஐந்தேகால்.

எனக்கு அறுபத்தொன்பது நியூட்டன் வர வேண்டும். நாற்பத்தைந்தும் வருகிறது, ஐம்பதும் வருகிறது, கப்பியின் மனசைப் பொறுத்து. ஒரு மாதமாக இப்படித்தான் இழுத்திருக்கிறது. நான் சொன்னது சரி. சரியாக இருந்து என்ன பிரயோசனம்?


ஏப்ரல் 11, செவ்வாய்

டாக்டரிடம் காட்டினோம். சகாயமேரிதான் பேசினாள், எனக்கு வாய் வரவில்லை. அவர் குனிந்து கப்பியை விரலால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. கண்ணம்மாள் கட்டிலுக்குப் போய் அதையும் தள்ளினார்.

"ஸ்டோர்ல வேற கப்பி இருக்கா?"

"எல்லாம் இதே மாதிரிதான் டாக்டர்."

"எண்ணெய் போடுங்க."

எண்ணெய் போட்டார்கள். அச்சே வளைந்திருக்கிறது, எண்ணெய் என்ன செய்யும். ஐந்தரை காட்டுகிறது.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கையால் அளந்துகொண்டு போனார்.


ஏப்ரல் 14, வெள்ளி

நேற்று வருடப்பிறப்பு. ஆஸ்பத்திரியில் பாயசம்.

இன்று இவர் ஒரு கப்பி செய்து கொண்டுவந்தார். சைக்கிள் முன்சக்கரத்து நடு உருளை, உள்ளே புது இரும்புக் குண்டுகள், இரண்டு பக்கமும் தகட்டை மடித்துக் கயிறு ஓடப் பள்ளம். கட்டில் கம்பியில் மாட்ட ஒரு கொக்கி. சுண்டினால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் அதை வாங்கிச் சிறுபிள்ளை மாதிரி இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்தார்.

பிறகு என் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குத் தூக்கினார். முறிவைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது.

"உங்களுக்கு எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருச்சுங்க. இனிமே இழுத்தாலும் பெரிசா இறங்காது. இந்தம்மாவுக்கு இன்னும் ஒட்டல. இதை முதல்ல அங்க மாட்டுவோம். உங்களுக்கு அவசரமில்லை."

அவசரமில்லை.

"நான் சொன்னப்பவே பார்த்திருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "பார்த்திருக்கணும்" என்றார். 

எனக்காகச் செய்தது கண்ணம்மாள் கட்டிலுக்குப் போயிற்று. தராசு வைத்துப் பார்த்தார்கள். ஏழுக்கு ஆறே முக்கால். இவர் என் பக்கம் வந்து, "இன்னொண்ணு செஞ்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்றேன்? செய்யச் சொல்லியிருக்கலாம். கால் அங்குலமாவது இறங்காதா? எரிச்சலில் வாய்க்கு வந்தது அதுதான். யார் மேல் எரிச்சல் என்றும் தெரியவில்லை.


ஏப்ரல் 15, சனி

கண்ணம்மாள் சொல்கிறாள், இப்போது இழுப்பது இதமாக இருக்கிறதாம். நான் தூங்குவது போல் படுத்துக்கொண்டேன்.


ஏப்ரல் 18, செவ்வாய்

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

சகாயமேரி தன் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். வார்டுக்குப் புதிதாக ஒரு ஆயாவைப் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் கண்ணம்மாளுக்குப் படுக்கை மாற்றினார்கள். ஆயா பையை இறக்கி, கல்லை வெளியே எடுத்துவைத்து, பிறகு சீட்டைப் பார்த்துப் பையில் கல்லை அடுக்கித் தொங்கவிட்டுப் போய்விட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணம்மாள் முனகுவது கேட்டது. அவள் சாதாரணமாக முனகுகிறவள் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டிலில் கீழே சரிந்திருந்தாள். தலையணை தனியாகக் கிடந்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை. பையைப் பார்த்தேன். அடி புடைத்துத் தரைக்கு நெருக்கமாகத் தொங்குகிறது. ஐந்து கிலோக் கல் மூன்று. பதினைந்து. சீட்டில் பதினைந்துதானே போட்டிருக்கிறது. பவுண்டு என்று யார் எழுதினார்கள்?

பழைய கப்பியாக இருந்தால் கொஞ்சமாவது உராய்வு தின்றிருக்கும். இது இவர் செய்த கப்பி. பதினைந்தும் அப்படியே அவள் காலுக்குப் போகிறது.

கத்தினேன். ஆயா வந்து, "சீட்டுல பதினஞ்சுன்னுதானம்மா இருக்குது" என்றாள். அது கிலோ இல்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை. டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், அவர் சொல்லாமல் கல்லைத் தொடமாட்டேன் என்றாள். போய்க் கூப்பிடு என்று விரட்டினேன். ஓடினாள். எனக்கும் கண்ணம்மாளுக்கும் நடுவில் இரண்டு முழ இடம். என்னால் எழ முடியாது. என்னைக் கட்டிப் போட்டிருப்பதும் அதே மாதிரி ஒரு கல்தான்.

"ஆத்தா, காலு பிஞ்சு போவுது டீச்சரம்மா" என்றாள் கண்ணம்மாள்.

நாலு மணி அடித்துப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டார்கள். முதல் ஆளாக இவர் வந்தார்.

"அந்தப் பையை அடியில பிடிச்சுத் தூக்குங்க. முழுசா எடுத்துடாதீங்க. சட்டுனு விட்டா எலும்பு மறுபடி ஏறிக்கும். பாதி பாரத்தைக் கையில வாங்குங்க."

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கையிலிருந்த டிபனைத் தரையில் வைத்துவிட்டு, பைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார். பக்கத்தில் படுத்திருப்பது அந்நியப் பெண். துணி விலகியிருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "சரியா இருக்கா? இன்னும் தூக்கணுமா?" என்று என்னைக் கேட்டார்.

"கொஞ்சம். கொஞ்சூண்டு. அங்கியே நில்லுங்க. விட்டுடாதீங்க."

"விடமாட்டேன்."

கண்ணம்மாளின் முனகல் குறைந்தது. டாக்டர் வர வெகுநேரமாயிற்று. குனிந்த வாக்கில் நின்றால் இடுப்பு என்ன ஆகும். முழங்கையில் ஆரம்பித்த நடுக்கம் தோள் வரை ஏறியதைப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விசை உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை, ஆகவே செய்த வேலை பூஜ்யம். எத்தனை வருடமாக எழுதிப் போட்டிருக்கிறேன், சுவரைத் தள்ளும் மனிதன் படம் வரைந்து. புத்தகம் சரிதான். சரியாகவே இருக்கட்டும்.

டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார். இவர் தாங்கிக்கொண்டிருக்கும்போதே கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏழாக்கினார். சீட்டைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். பேனாவை எடுத்து 15-ஐ அடித்துவிட்டு 7 கிலோ என்று பெரிதாக எழுதினார். பிறகு எல்லாக் கட்டிலுக்கும் போய் அப்படியே எழுதினார்.

ஆயா வாசலில் நின்று அழுதாள். எழுதினதைத்தானே போட்டேன் என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இவரால் கையை நிமிர்த்த முடியவில்லை. டிபனை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டார். 


ஏப்ரல் 19, புதன்

எக்ஸ்ரே. கண்ணம்மாளுக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. முனைகள் நேருக்கு நேர் வந்துவிட்டன. டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முக்கால் அங்குலத்தில் நின்றுவிட்டது.


மே 29, திங்கள்

பையை எடுத்துவிட்டார்கள். கம்பியையும். அக்குள் கட்டைகளை ஊன்றி நாலடி நடந்து தலை சுற்றி உட்கார்ந்தேன். டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார்கள். முக்கால் அங்குலம்தான். செருப்புக்கு அடியில் ஒரு தோல் வைத்துத் தைத்தால் யாருக்கும் தெரியாது என்கிறார் டாக்டர். எனக்குத் தெரியும்.


ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. என் இடத்துக்கு வேறொருவரைப் போட்டாயிற்றாம். தற்காலிக வேலை, நீண்ட விடுப்பு, விதி இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது.

மாமியாருக்கு நிம்மதி. வெளிப்படையாகவே சொல்கிறார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. சந்தோஷம் என்றால் சந்தோஷம் என்று சொல்லட்டுமே.


செப்டம்பர் 2, சனி

கட்டை இல்லாமல் கடைத்தெரு வரை போய் வந்தேன். பின்னால் இரண்டு பையன்கள் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினார்கள். திரும்பி முறைத்தேன். அதற்குள் ஓடிவிட்டார்கள்.


டிசம்பர் 11, திங்கள்

உத்தரவு வந்திருக்கிறது. பொம்மிடியில் காலியிடம், ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அறிவியல். ஜனவரியில் சேர வேண்டும்.

எப்படிப் போவது? இங்கிருந்து தினமும் இரண்டு பஸ், போக வர. பஸ் படியைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. உத்தரவை இவரிடம் காட்டினேன். படித்தார், மடித்தார், ஜன்னலில் வைத்தார். கடைக்குப் போய்விட்டார்.

ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்த மனுஷன். போ, இல்ல போகாத. ஏதாவது ஒண்ணு.


டிசம்பர் 17, ஞாயிறு

வர இயலாது என்று எழுதுவதற்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் போனவர் இருட்டும்போது வந்தார். சட்டையில் ரயில் கரி.

"எங்க போயிருந்தீங்க?"

"பொம்மிடி."

தண்ணீர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். "ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு கடை காலியா இருக்கு. நெறைய சைக்கிள் ஓடுது அங்க. பின்னாலயே வீடு. ஸ்கூல் நடக்கற தூரம்தான், மெதுவாப் போனாக்கூட."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"அப்ப எழுதாத."

வீட்டுல இருந்துடுன்னு சொன்னது யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பசிக்கிறது என்றார்.


1973 ஜனவரி 7, ஞாயிறு

சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது கண்ணம்மாள் வந்தாள். வூடு தேடி அலைஞ்சேன் என்று சொல்லிக்கொண்டு, மடியில் புதுப் புளியோடு. ஆஸ்பத்திரியை விட்டபின் இப்போதுதான் பார்க்கிறேன். கறுத்து, தேறியிருக்கிறாள்.

அந்தக் கப்பி யாருக்காகச் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கப்பி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

புளியைக் கொடுத்துவிட்டுப் போகிறவளா அவள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். பாத்திர மூட்டையைத் தூக்க நான் குனிந்தேன். "நீங்க எதையும் தொடாதீங்க டீச்சரம்மா, தள்ளுங்க" என்று கையைத் தட்டிவிட்டாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசல் தாண்டி, தெருமுனையில் நின்ற லாரி வரைக்கும் நடந்தாள். வேகமாக, நேராக. இரண்டு காலும் ஒரே அளவில் தரையில் விழுந்தன.

பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமையாக இருந்தது. பிறகு அது கொஞ்சம் குறைந்தது.

லாரிக்கு மேலிருந்து இவர் மூட்டைக்குக் கை நீட்டினார். புளிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன், மெதுவாக.